திரும்பி வரும் பந்தைப் பாருங்கள்: பிக்கிள்பாலில் டிரைவ் அடிப்பது எப்படி

வலைக்கு மேல் பந்தடிக்கும் ஆட்டமான பிக்கிள்பாலில், பேடில் என்ற மட்டையைக் கையில் எடுத்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் டிரைவ், அதாவது வேகமாகத் தாழ்வாக விடும் அடி, பிடித்துவிடும். டிராப் (பின்னாலிருந்து போட்டு, வலையைத் தாண்டியதும் மெதுவாக விழும் அடி) மாதிரி மாதக்கணக்கில் படுத்தாது, டிங்க் (வலைக்கு அருகே நின்று மெல்லத் தட்டிவிடும் அடி) மாதிரி பொறுமையைச் சோதிக்காது. இழுத்து ஒன்று விட்டால் நல்ல சத்தம் வரும். எதிரில் நிற்பவரும் புதியவர் என்றால் பாயின்ட்டும் வரும். சில மாதம் போனதும் கதை மாறுகிறது. அதே அடிக்கு அதே எதிராளி பேடிலை நெஞ்சுக்கு முன்னால் சும்மா நீட்டுகிறார், பந்து நம் காலடியில் வந்து விழுகிறது. "முன்னாடி இந்த அடிக்கு பாயின்ட் வந்துச்சே அண்ணா, இப்போ என்ன ஆச்சு?" என்று எங்கள் மாலைக் குழுவில் கேட்காதவர்கள் குறைவு. எதிரில் நிற்பவர்கள் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் பேட்மின்டன் ஆடிக்கொண்டிருந்து இதற்கு வந்தவன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. டிரைவ் விஷயத்தில் நான் எல்லோரையும் பிடிக்கச் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். நீங்கள் அடித்த பந்து எவ்வளவு வேகமாகப் போனது என்று பார்க்காதீர்கள். பதிலுக்கு வந்த பந்து எந்த உயரத்தில் வந்தது என்று பாருங்கள். அது வலைக்கு மேல் எழும்பி மெதுவாக வந்தால் உங்கள் டிரைவ் வேலை செய்திருக்கிறது. தாழ்வாகக் காலுக்கு வந்தால், அடித்த அடி இடி மாதிரி இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

வேகம் ஏன் ஏமாற்றுகிறது

பிக்கிள்பால் பந்து 22 முதல் 26 கிராம் சொச்சம்தான். டென்னிஸ் பந்தின் எடையில் பாதிகூடத் தேறாது. போதாததற்கு உடம்பெல்லாம் ஓட்டை; வெளியில் ஆடும் பந்தில் பெரும்பாலும் 40 ஓட்டைகள் இருக்கும். இப்படிப்பட்ட பந்தைக் காற்று சும்மா விடாது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். நீங்கள் தோளை முறித்துக்கொண்டு கூட்டும் வேகத்தில் நல்ல பங்கை வழியிலேயே காற்று தின்றுவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. கோர்ட் 44 அடி நீளம். உங்கள் பேஸ்லைனிலிருந்து (கோர்ட்டின் பின்கோடு) வலை 22 அடி, அதைத் தாண்டி எதிராளியின் கிச்சன் கோடு 7 அடி. வலையை ஒட்டிய அந்த 7 அடிப் பகுதிதான் கிச்சன்; கிச்சனில் நிற்பது என்று நான் சொல்வது அந்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நிற்பதை. ஆக 29 அடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பந்து அரை விநாடி சொச்சத்தில் அவரிடம் போய்ச் சேரும். 70-க்கு ஏற்றினால் மிச்சமாகும் நேரம் பத்தில் ஒரு பங்கு விநாடிகூட இல்லை. பேடிலை முன்னால் வைத்துத் தயாராக நிற்பவருக்கு அது பெரிதாக உறைக்காது. உங்கள் பக்கம்தான் நஷ்டம். அந்தக் கூடுதல் பத்துக்காகக் கை இறுகும், தோள் தூக்கும், பந்து பேஸ்லைனைத் தாண்டிப் போகும்.

எதிராளிக்கு உறைப்பது உயரம். வலை ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34. வலையைத் தாண்டியதும் பந்து இறங்கினால் அவர் பேடிலைக் கீழே கொண்டுபோய்த் தூக்கித்தான் அனுப்ப வேண்டும். நெஞ்சு உயரத்தில் வந்தால் அப்படியே கீழே குத்திவிடுவார். இந்த ஆட்டம் 1965-இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஒரு பழைய பேட்மின்டன் கோர்ட்டில் தொடங்கியபோது வலையும் பேட்மின்டன் உயரத்தில், 60 அங்குலத்தில்தான் இருந்ததாம். பந்து தரையில் நன்றாக எழும்புகிறது என்று கண்டதும் 36-க்கு இறக்கினார்கள். இறக்கியிருக்காவிட்டால் டிரைவ் என்ற அடியே இந்த ஆட்டத்தில் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பந்தை வலைக்கு மேல் கொண்டுபோகவும் வேண்டும், தாண்டியதும் இறக்கவும் வேண்டும் என்றால் டாப்ஸ்பின் வேண்டும். முன்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று கீழே அழுத்தும். அதனால் வலைக்கு மேல் ஒரு அடி இடைவெளி விட்டு அடித்தாலும் பந்து உள்ளேயே விழும், எதிராளியிடம் போகும்போது இறங்கிக்கொண்டிருக்கும். சுழற்சி இல்லாமல் தட்டையாக அடிக்கும் பந்தை வலையை உரசிக்கொண்டு அனுப்பினால்தான் உண்டு. அந்த விளிம்பை நம்பி எத்தனை பாயின்ட் ஆட முடியும்?

எந்தப் பந்தை அடிக்கலாம்

சர்வும் ரிடர்னும் தரையில் பட்ட பிறகே ஆடப்பட வேண்டும் என்பது விதி. அதனால் ரிடர்ன் போட்டவர்கள் கிச்சன் கோட்டுக்கு வந்துவிடுவார்கள், சர்வ் போட்ட நாம் பின்னால் மாட்டிக்கொண்டிருப்போம். மூன்றாவது பந்து நம்முடையது. டிரைவா, டிராப்பா? இதைச் சர்வ் போடும்போதே முடிவு செய்துவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். வரப்போகும் பந்து எப்படிப்பட்டது என்று தெரியாமல் எப்படி முடிவு செய்ய முடியும்?

நான் பார்ப்பது முதலில் உயரம். பந்து தரையில் பட்டு எழும்பி உங்கள் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் கிடைக்குமென்றால் டிரைவ் அடிக்கலாம். முழங்காலுக்குக் கீழே என்றால் பந்தை மேலே தூக்கியாக வேண்டும். தூக்கிக்கொண்டே வேகமாகவும் அடித்தால் வலையைத் தாண்டிய பிறகும் பந்து மிதந்துகொண்டே போகும். அது எதிராளிக்கு நாமே கொண்டுபோய்க் கொடுக்கும் பரிசு. அடுத்தது உங்கள் கால். பந்தை நோக்கி முன்னால் போகிறீர்களா, பின்வாங்கிக்கொண்டிருக்கிறீர்களா? ரிடர்ன் ஆழமாக வந்து பேஸ்லைனில் உங்களைத் தள்ளினால், பின்னங்காலில் சாய்ந்தபடி அடிக்கும் டிரைவ் உருப்படாது. டிராப் போடுங்கள், அல்லது உயரமாக ஒரு லாப் போட்டு நேரம் வாங்குங்கள். குட்டையாக வந்து எழும்பி நிற்கும் பந்து என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு விஷயம் உண்டு: எதிராளி எங்கே இருக்கிறார்? ரிடர்ன் போட்டவர் இன்னும் கிச்சனுக்கு ஓடி வந்துகொண்டிருந்தால் அவர் காலுக்கு ஒரு டிரைவ் விடுங்கள். ஓடிக்கொண்டே கால் அருகே வரும் பந்தை எடுப்பது நல்ல ஆட்டக்காரருக்கே கஷ்டம். இந்தச் சந்தர்ப்பத்துக்காகப் பந்து கொஞ்சம் சுமாராக இருந்தாலும் நான் டிரைவ் அடிப்பேன்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் டிராப் எங்கே விழும் என்று அதற்கே தெரியாது, அப்போது டிரைவ் பாதுகாப்பானது. எதிர்க்காற்றில் டாப்ஸ்பின் பந்து சீக்கிரம் இறங்கும், கொஞ்சம் உயர்த்தி அடிக்கலாம். பின்காற்றில் அதே அடி பறந்துவிடும், வேகத்தைக் குறையுங்கள். வெயிலில் பந்து மென்மையாகும், குளிரில் இறுகும், சமயத்தில் விரிசலும் விடும். ஆட்டத்துக்கு முன் நாலு பந்து அடித்துப் பார்த்தால் அன்றைய பந்து எப்படி என்று கைக்குத் தெரிந்துவிடும்.

கையில் தொடங்கி இடுப்புக்குப் போவோம்

பிடியில்தான் பலருக்குச் சிக்கல் ஆரம்பிக்கிறது, குறிப்பாக என்னைப் போல பேட்மின்டனிலிருந்து வந்தவர்களுக்கு. நாங்கள் பேடிலின் விளிம்பு தரையைப் பார்க்கும் கான்டினென்டல் பிடியிலேயே எல்லாவற்றையும் ஆடிப் பழகியவர்கள். வாலிக்கும் (பந்தைத் தரையில் படவிடாமல் அடிப்பது) டிங்க்குக்கும் அது அருமையான பிடி. டிரைவுக்கு அந்தப் பிடியில் பேடிலின் முகம் வானத்தைப் பார்க்கும், அதைத் திருத்த மணிக்கட்டை முறுக்க வேண்டியிருக்கும். ஈஸ்டர்ன் பிடிக்கு மாறுங்கள். உள்ளங்கையும் பேடிலின் முகமும் ஒரே திசையைப் பார்க்கும்படி பிடித்தால் அதுதான் ஈஸ்டர்ன். உள்ளங்கை போகிற பக்கம் பந்து போகும். டாப்ஸ்பின் நிறைய வேண்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கீழ்ப்பக்கமாகச் சுற்றி செமி வெஸ்டர்னுக்குப் போகிறார்கள். கிச்சனில் நின்று அந்தப் பிடியிலிருந்து திரும்ப நேரம் இருக்காது என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது? பத்துக்கு நான்கு. பந்து படும் கணத்தில் கை தானாகவே கொஞ்சம் இறுகும், நீங்கள் தனியாக இறுக்க வேண்டாம். முதலிலேயே இறுக்கிப் பிடித்தால் முன்கை பூட்டிக்கொள்ளும், பேடிலின் வேகம் செத்துவிடும்.

இனி உடம்பு. பந்து உங்கள் வலப்பக்கம் வருகிறது என்று தெரிந்த உடனே தோள்கள் திரும்ப வேண்டும். இடக்கையரானால் இதையெல்லாம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லிக்கொடுக்கும் உபாயம் இது: இடது கை பேடிலின் கழுத்தைப் பிடித்திருக்கட்டும். அந்தக் கையை விடாமல் பேடிலைப் பின்னால் கொண்டுபோங்கள். இரண்டு கையும் பேடிலில் இருக்கும்போது தோள் திரும்பாமல் பின்னால் போகவே முடியாது. முழுக்கத் திரும்பிய பிறகு இடது கையை விட்டுவிட்டு, பந்து வரும் திசையில் முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னிழுப்பு சின்னதாக இருக்கட்டும். பேடில் பிடித்த கை இடுப்பெலும்பைத் தாண்டிப் பின்னால் போகவே தேவையில்லை. டென்னிஸ் ஆடி வந்த அக்கா ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அழகான பெரிய சுற்று அவருடையது, பார்க்கக் கண் குளிரும். ஆனால் பந்து தரையில் பட்டு எழும்புவது டென்னிஸைவிடக் குறைவு, கோர்ட்டும் சிறியது, அவ்வளவு பெரிய சுற்று முடிவதற்குள் பந்து உடம்பைத் தாண்டிவிடும். அவரை வேலிக்கு முதுகைக் காட்டி ஒரு எட்டு தள்ளி நிறுத்தி, பேடில் வேலியில் படாமல் அடிக்கச் சொன்னேன். சுற்று தானாகவே சுருங்கியது. "அக்கா, கையால் அடிக்காதீங்க, இடுப்பால் அடிங்க" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், அப்புறம் தோள், அப்புறம் முழங்கை, கடைசியில்தான் பேடில். தட்டையான கல்லைப் பக்கவாட்டில் வீசிக் குளத்து நீரில் தத்த விட்டிருக்கிறீர்களா? கை பின்தங்கி வந்து கடைசியில் விடுபடும். அதே வரிசைதான் இதுவும். மணிக்கட்டு பின்னால் மடங்கியபடி தளர்வாக வரட்டும். அதை நீங்களாகச் சுண்டாதீர்கள். சுண்டினால் பந்து எங்கே போகும் என்பது குலுக்கல் சீட்டாகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பந்தைத் தொடும் இடம். இடது முழங்காலுக்கு நேராகவோ அதற்குச் சற்று முன்னாலோ பேடில் பந்தைச் சந்திக்க வேண்டும், உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி. பந்து இடுப்புக்கு நேராக வந்த பிறகு அடித்தால் தாமதம். அப்போது பேடிலின் முகம் வெளிப்பக்கம் பார்க்கும், பந்து வலப்பக்கமாகவும் மேலேயும் போகும். நேரம் சரியாக இல்லை என்று பலரும் சொல்வது உண்மையில் காலில் இருக்கும் கோளாறு. பந்து தரையில் படுவதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள், பிறகு அது வருகிற இடத்துக்குக் கையை நீட்டுகிறார்கள். சின்னச் சின்ன எட்டுகளாக வைத்துக்கொண்டே இருங்கள், பந்துக்குப் பின்னால் போய்விடுங்கள், பிறகு முன்னங்காலில் எடை வரும்படி அடியுங்கள்.

பேடில் பந்துக்குக் கீழேயிருந்து கிளம்ப வேண்டும். அதற்குக் கையைத் தொங்கவிடாமல் முழங்காலை மடக்குங்கள். படும் நேரத்தில் பேடிலின் முகம் நேராகவோ கொஞ்சம் கவிழ்ந்தோ இருக்கட்டும். அங்கிருந்து முன்னாலும் மேலாகவும் போய், முழங்கை எதிராளியைப் பார்க்கும்படி இடது தோள் உயரத்தில் முடியட்டும். டாப்ஸ்பின் என்றதும் சிலர் பந்தை மேலாக வருடுகிறார்கள். பேடிலின் முகமும் கடினம், பந்தும் கடின பிளாஸ்டிக், இரண்டும் ஒட்டியிருக்கும் நேரம் மிகக் குறைவு. மெல்ல வருடினால் பந்து வழுக்கி வலையில் விழும். முக்கால் பங்கு பந்துக்குள்ளே புகுந்து முன்னே, கால் பங்கு மேலே. இந்த விகிதத்தில் தொடங்கி, பந்து நீளமாகப் போனால் மேலே போகும் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பேடிலைப் பற்றி இரண்டே வார்த்தை. சொரசொரப்பான கார்பன் ஃபைபர் முகம் சுழற்சிக்கு உதவும், அது தேயத் தேய உதவி குறையும். 14 மில்லிமீட்டர் தடிப்புள்ள பேடிலில் பந்து கொஞ்சம் வேகமாகத் தெறிக்கும், 16 மில்லிமீட்டரில் கொஞ்சம் அடங்கும். தோள் திரும்பாதவருக்கு எந்தப் பேடிலும் தோளைத் திருப்பிக் கொடுக்காது.

பேக்ஹேண்ட்

ஒரு கையால் பேக்ஹேண்ட் டிரைவ் அடிக்கத் தோள் பலமும் நல்ல நேரமும் வேண்டும். புதிதாகக் கற்கிறவர்கள் இரண்டு கையால் கற்றுக்கொள்ளுங்கள். தொழில்முறை ஆட்டக்காரர் அன்னா லீ வாட்டர்ஸ் ஆடுவதைப் பார்த்தால் அந்த அடி எவ்வளவு கடுமையாக இருக்க முடியும் என்று தெரியும். வலது கை கீழே கான்டினென்டலில், இடது கை மேலே ஈஸ்டர்னில். வேலை செய்வது இடது கைதான், வலது கை வழிகாட்டியாகக் கூட வருகிறது. பயிற்சியில் வலது கையை விட்டுவிட்டு, இடது கையால் மட்டும் பேடிலின் கழுத்துக்கு அருகே பிடித்து மெதுவாகப் பந்துகளை அடித்துப் பாருங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும். அந்தக் கை உயிர் பெற்றதும் வலது கையைச் சேர்த்துக்கொள்ளலாம். கைப்பிடி 5.5 அங்குலமாவது இருந்தால் இரண்டு கைக்கும் இடம் இருக்கும்.

பேக்ஹேண்ட் பக்கம் வந்த பந்தைச் சுற்றி ஓடி ஃபோர்ஹேண்டில் அடிப்பது இன்னொரு வழி. கால் வேகமாக இருந்தால் செய்யுங்கள். பார்ட்னருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டில் பாதி காலியாகக் கிடக்கும்.

எங்கே அடிப்பது

ஓரக் கோட்டைக் குறிவைக்காதீர்கள். வலை அங்கேதான் உயரம், தவறினால் வெளியே. பெரும்பாலான டிரைவ்களுக்கு நடுப்பக்கமே சரி. அங்கே வலை இரண்டு அங்குலம் தாழ்வு, யார் எடுப்பது என்ற குழப்பமும் வரும்.

அடுத்த நல்ல இலக்கு, பேடில் பிடித்திருக்கும் கைப்பக்கத்து இடுப்பு. வலக்கையரின் வலது இடுப்புக்கு வரும் பந்தை ஃபோர்ஹேண்டில் எடுப்பதா பேக்ஹேண்டில் எடுப்பதா என்று அவர் தீர்மானிப்பதற்குள் முழங்கை மடங்கி மேலே தூக்கிக்கொள்ளும். அந்த நிலையிலிருந்து வரும் பதில் கிட்டத்தட்ட எப்போதும் மிதக்கும். கைக்கு எட்டுகிற தூரத்தில் அகலமாகப் போடும் பந்தைவிட உடம்புக்குப் போடும் பந்து அதிகம் தொந்தரவு கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. தோள் உயரத்தில் போகும் டிரைவை அனுபவசாலிகள் தொடவே மாட்டார்கள், விலகிக்கொள்வார்கள், பந்து வெளியே போய் விழும். விலகாமல் அவர்கள்மேல் பட்டால் தவறு அவர்களுடையது, அவர் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தாலும் சரி. விதி அப்படி என்பதற்காகப் பழகுகிற ஆட்டத்தில் வயதானவர்கள், புதியவர்கள் முகத்துக்கு நேராக அடிக்காதீர்கள். உடம்பு என்று நான் சொல்வது இடுப்பும் அதற்குக் கீழும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடுவது கிச்சனில் நிற்கும் எல்லோருக்கும் நல்லது.

அடித்த பிறகு

அடித்துவிட்டு நின்று ரசிக்கும் வியாதி எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு உண்டு. டிரைவ் வேகமாகப் போகிறது என்றால் பதிலும் வேகமாகத்தான் வரும், டிராப் போட்டால் கிடைக்கும் நேரம் இங்கே கிடைக்காது. அதனால் அடி முடிந்ததும் பேடில் மார்புக்கு முன்னால் வந்துவிட வேண்டும். இரண்டு மூன்று எட்டு முன்னே போங்கள், எதிராளியின் பேடில் பந்தைத் தொடும் கணத்தில் இரண்டு காலும் அகன்று ஒரே நேரத்தில் தரையில் பதிய நில்லுங்கள். அப்போதுதான் எந்தப் பக்கமும் போக முடியும். கிச்சன் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஓடினால் நடுவழியில் காலில் பந்து வாங்குவீர்கள்.

இப்போது அந்தப் பதில் பந்து வருகிறது, ஐந்தாவது பந்து. உயரமாக வந்தால் முடித்துவிடுங்கள். சுமாராக வந்தால் டிராப் போட்டுவிட்டுக் கிச்சனுக்குப் போங்கள். மூன்றாவது பந்தில் பேஸ்லைனிலிருந்து போட வேண்டிய டிராப்பை இப்போது கோர்ட்டுக்கு நடுவிலிருந்து, வேகம் குறைந்து வரும் பந்தில் போடுகிறீர்கள். எவ்வளவு சுலபம்! டிராப் வராதவர்கள் டிரைவ் கற்க வேண்டிய முதல் காரணமே இதுதான் என்பேன். ஐந்தாவது பந்திலும் மறுபடி டிரைவ், ஏழாவதிலும் டிரைவ் என்று பேஸ்லைனிலேயே நின்று குத்திக்கொண்டிருப்பவரிடம் கிச்சனில் நிற்பவர்கள் பெரிதாகப் பயப்படுவதில்லை.

பார்ட்னருக்கும் வேலை இருக்கிறது. நீங்கள் டிரைவ் அடிக்கும்போது அவர் முன்னே பாய்ந்து, மிதந்து வரும் பதிலைக் கிச்சன் கோட்டருகே பிடித்து அடிப்பதை ஷேக் அண்ட் பேக் என்பார்கள். இதற்கு உங்கள் டிரைவ் நடுவில் அல்லது அவருக்கு நேர் எதிரே நிற்பவரிடம் போக வேண்டும், அப்போதுதான் பதில் அவர் எல்லைக்குள் வரும். எல்லாப் பாயின்ட்டுக்கும் இதைச் செய்தால் இரண்டாவது தடவையே எதிராளி புரிந்துகொண்டு, பாய்கிறவரின் காலுக்குப் பந்தை இறக்கிவிடுவார். எப்போதாவது செய்யுங்கள், முன்கூட்டியே கண்ணால் ஒரு சைகை காட்டிக்கொண்டு.

பயிற்சி

சுவர் கிடைத்தால் அதில் 34 அங்குலத்தில் ஒரு டேப்பும், அதற்கு மேல் ஒன்றரை அடியில் இன்னொன்றும் ஒட்டுங்கள். பந்தைக் கையால் கீழே போட்டு, எழும்பி இறங்கும்போது அடித்து இரண்டு டேப்புக்கும் நடுவில் படவையுங்கள். வேகத்தைப் பாதியில் தொடங்குங்கள். இடைவெளிக்குள் தொடர்ச்சியாகப் படும்போது மட்டும் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். வெளியே போகத் தொடங்கும் வேகம் எதுவோ, அதற்கு ஒரு படி கீழே இருப்பதுதான் ஆட்டத்தில் நீங்கள் அடிக்க வேண்டிய வேகம். பலருக்கும் அது முழு பலத்தில் எழுபது சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

போனை உங்கள் வலப்பக்கம், இடுப்பு உயரத்தில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். பார்க்க வேண்டியது இரண்டே இடம். பந்து தரையில் பட்டபோது தோள் ஏற்கெனவே திரும்பியிருக்கிறதா? பேடில் பந்தைத் தொட்டபோது பந்து முன்னங்காலுக்கு முன்னால் இருக்கிறதா? இந்த இரண்டும் சரியென்றால் மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆள் கிடைத்தால் நாங்கள் ஆடும் ஒரு விளையாட்டைச் சொல்கிறேன், முழங்கால் கணக்கு என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒருவர் கிச்சனில் நின்று பந்தை ஆழமாகப் போடுவார், நீங்கள் டிரைவ் அடிப்பீர்கள், அவர் தடுத்து அனுப்புவார். அந்தப் பதில் பந்தை நீங்கள் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தால் உங்களுக்குப் புள்ளி இல்லை. முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் என்றால் ஒன்று, இடுப்புக்கு மேல் என்றால் இரண்டு. வலையில் அடித்தாலோ வெளியே அடித்தாலோ ஒன்று கழியும். பத்துப் புள்ளி சேர்ந்ததும் இடம் மாறுங்கள். முரட்டு அடிக்காரர்கள் இதில் கழித்தல் கணக்கிலேயே கிடப்பார்கள். சத்தமே வராமல் இறங்கும் டிரைவ் போடுகிற ஆள் முதலில் பத்தைத் தொடுவார். தடுப்பவருக்கும் நல்ல பயிற்சி என்பதால் யாரும் அலுத்துக்கொள்வதில்லை.

முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் நிறுத்திவிடுங்கள். இடுப்பைத் திருப்பாமல் கையால் மட்டும் அடிப்பதும் கைப்பிடியை நசுக்கிப் பிடிப்பதும் அங்கேதான் போய்ச் சேரும். ஓய்வு கொடுங்கள், வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், திரும்பி வரும்போது பாதி வேகத்திலிருந்து தொடங்குங்கள்.

ஆட்டத்தின் நடுவே டிரைவ் கெட்டுப்போகும் நாட்களும் உண்டு. தொடர்ந்து வலையில் விழுந்தால் பெரும்பாலும் முழங்கால் மடங்கவில்லை, பேடில் பந்துக்குக் கீழே போகவில்லை. நீளமாகப் போனால் பேடிலின் முகம் திறந்திருக்கிறது அல்லது நீங்கள் பின்னால் சாய்கிறீர்கள். குறியை நடுவுக்கு மாற்றி, முடிவில் முழங்கையைத் தோள் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்கவாட்டில் போனால் தாமதம். பின்னிழுப்பை இன்னும் சுருக்குங்கள். எல்லாம் ஒழுங்காகப் போயும் பதில் தாழ்வாகவே வருகிறதென்றால் எதிரில் இருப்பவர் நன்றாகத் தடுக்கத் தெரிந்தவர். அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்கு அடித்துப் பாருங்கள். அவரும் அப்படியே என்றால் அன்றைக்கு டிராப்தான், வேறு வழியில்லை.